மச்சானைச் சொந்தக் குரலில் பாடிய கதை

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். கவிக்காரர்களைப் பற்றி ஆராய்ச்சியாம். ஃபோனை மேசையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அதில் கண்ணாடி போட்ட பெண்பிள்ளை கேட்டாள்: "அங்கிள், அந்தக் காலத்துல, இந்த ஊருல இருந்துகொண்டு, நீங்க ஒரு தன்பாலீர்ப்பாளர் எண்டு ரேடியோவுல துணிஞ்சு சொல்லியிருக்கீங்க. அந்தத் துணிவு எங்க இருந்து வந்த?"

அந்தச் சொல்லையே நான் அறுபத்தெட்டு வயதில்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். எங்கள் காலத்தில் ஊரில் வேறு சொற்கள் இருந்தன. அச்சில் ஏற்ற முடியாது. "தேத்தண்ணி ஆறப் போகுது, குடிங்க மகள்" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். இதை இப்படியே விட்டால், நான் மௌத்தான பிறகு "துணிச்சல்மிக்க கவிஞர்" என்று ஒரு கட்டுரை வரும். என்னைத் தெரிந்தவர்கள் அதை வாசித்துவிட்டு வயிறு நோகச் சிரிப்பார்கள். பல்லி விழுந்தால் கூரை விழுந்தது என்று வெளியே ஓடுகிற ஆள் நான். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ரேடியோவில் பேசியது என் நடுக்கம்.

என் ஊர் நிந்தவூர். பெயர் ஜமால்தீன். தொழில் நாலடிக் கவி கட்டுவது, கட்டியதைப் பாடுவது. கல்யாண வீடு, சுன்னத்து வீடு, வயல் வட்டையில் நெல் வெட்டு நடக்கும் இடம், எங்கே கூப்பிட்டாலும் போவேன். கல்முனையில் ஒரு டாக்குத்தர் தொண்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இனிக் கதைக்கிறதோட நிப்பாட்டிக்கங்க" என்று சொன்ன நாளில் ஓய்வு பெற்றேன்.

பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயலில் புல் பிடுங்கப் போன இடத்தில் கவி கேட்டேன். கோலாட்டம் போல ஆடுகிற பொல்லடிக் குழு ஒன்றில் நாலு வருஷம் பின்பாட்டுப் பாடினேன். பிறகு சொந்தமாகக் கட்டத் தொடங்கினேன். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். அது விளங்காவிட்டால் மற்றது ஒன்றும் விளங்காது. எங்கள் பக்கத்துக் காதல் கவி பெரும்பாலும் இரண்டு பேர் கதைப்பது. ஆண்கவி மச்சியைப் பார்த்துப் பாடும். பெண்கவி மச்சானைப் பார்த்துப் பாடும். சபையில் பெண்கள் எழும்பிப் பாடுவதில்லை என்பதால் கவிக்காரன் ஒருவனே இரண்டு பேருக்கும் பாட வேண்டும். ஆண்கவிக்கு அவனுடைய சொந்தக் குரல். பெண்கவி வந்ததும் வலது கையைக் காதில் பொத்தி, தொண்டையை மேலே இழுத்து, மெல்லிய குரலுக்கு மாறுவான். அதற்குக் கள்ளக் குரல் என்று பெயர்.

இந்தக் கள்ளக் குரல் எனக்கு அல்லாஹ் தந்த வசதி. பட்டப்பகலில், ஊரே பார்த்திருக்க, பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் முன்வரிசையில் குந்தியிருக்க, "மச்சானே" என்று நான் உருகலாம். "பொம்புளக்கி எப்பிடி உருகுது பாரு" என்று தலையை ஆட்டுவார்கள். நான் உருகியது எனக்காகவேதான் என்பது எனக்கும் என் வலது காதுக்கும் மட்டும் தெரியும்.

அந்தக் காலத்தில் ரேடியோவில் பாடினால்தான் கவிக்காரனுக்கு மதிப்பு. கல்யாண வீட்டுக்காரர் "ரேடியோக் கவிக்காரர் வாறார்" என்று சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் எனக்கும் அந்த இடம் கிடைத்தது, வருஷத்துக்கு நாலைந்து தரம்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்த தயாரிப்பாளரை எல்லோரும் சேர் என்றுதான் சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன். மெலிந்த ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். முழுக் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும். கூடாது என்ற சொல்லைச் சொல்ல மாட்டார். "இதை இன்னொரு தரம் பார்ப்போம்" என்பார். அந்த இன்னொரு தரம் உலகம் அழிகிற கியாமத்து நாளில்தான் வரும். சாப்பாட்டுக் கடையிலும் எழுத்துத் தமிழ்தான். கல்முனைக் கடையொன்றில் அவர் "இன்னும் சிறிது சோறு கிடைக்குமா?" என்று கேட்டபோது, பரிமாறிய ஆள் ரேடியோ எங்கே பாடுகிறது என்று திரும்பிப் பார்த்தார்.

அவருடைய முறைகள் கடுமையானவை. பாட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். முழு நீளத் தாள், நடுவில் கார்பன், மூன்று பிரதி. ஒவ்வொரு கவிக்கும் இடது ஓரத்தில் அது ஆண்கவியா பெண்கவியா என்று "ஆ" அல்லது "பெ" போட வேண்டும். பிழை விட்டால் அழிறப்பரால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, அதற்கு ஒப்பம் வைக்க வேண்டும். மூன்று பிரதியிலும். ஒரு தரம் நான் ஒரே ஒரு கவிக்கு "பெ" போட மறந்ததற்காகப் பாட்டு முழுவதையும் தபாலில் திருப்பி அனுப்பினார். உள்ளே முத்திரை ஒட்டிய உறையும் இருந்தது, நான் மறுபடி அனுப்புவதற்கு. அந்த மனிதரை எப்படி வெறுப்பது?

இனிக் காசிமைப் பற்றி.

காசிம் மருதமுனையில் தறி நெய்கிறவன். மேடைக்குக் கட்ட ஒரு சாறன் வாங்கப் போனேன். வாங்கிவிட்டுப் போகாமல் அவனுடைய வாசலில் குந்தினேன். அது முதல் நாள். பிறகு இரண்டு வருஷம் கிழமைக்கு ஒரு தரம் போய்க் குந்தினேன். அவன் கதைக்கிற ஆள் இல்லை. அவனுக்கும் சேர்த்துத் தறி கதைக்கும். எனக்கு அவன், அவனுக்கு நான். இதற்கு மேல் விளக்கம் வேண்டியவர்கள் தங்கள் கல்யாண வாழ்க்கையை விளக்கி எழுதிக்கொண்டு வரட்டும், மாற்றிக்கொள்வோம்.

வீட்டில் அவனுடைய உம்மாவும், சபுறா என்ற தங்கையும் இருந்தார்கள். வாப்பா இல்லை. சபுறாவைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். எங்கள் கதை வெளியே வந்தால் அந்த மூன்று பேரும் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று எனக்கு ஒரே பயம். என்னைப் பற்றி ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், காசிமின் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது. எனக்கிருந்த ஒரே கொள்கை அதுதான்.

அந்தக் கொள்கையோடுதான் அவனுக்கு ஒரு பாட்டுக் கட்டினேன். புத்தியை என்ன சொல்ல. நாலு கவி. அதில் இரண்டு:

கால் மிதிக்கத் தறி கதைக்கும்
கை வழியே நூல் நடக்கும்
வாய் திறந்து நீ கதைக்க
வாசலில நிக்கன் மச்சான்.

நாவல்நிறக் கரையினிலே
நடுவில ஒரு வெள்ளைநூலு
பக்கத்தில மஞ்சள் ரெண்டு
பாத்திருப்பேன் என் மச்சானே.

பெயர் இல்லை. ஊர் இல்லை. தெரு இல்லை. ஓரத்தில் நாலுக்கும் நாலு "பெ" போட்டேன். ஒரு நெசவுகாரனை நினைத்து ஒரு பெண் பாடுகிறாள், அவ்வளவுதான். சேரும் நீல முனையால் சரி போட்டுவிட்டார்.

கல்முனையில் ஒரு மண்டபத்தில் நேரடி ஒலிபரப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு நாளாக எனக்குச் சளி. உம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். அவசரத்தில் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். மேடையில் மைக், பக்கத்தில் கதிரை போட்டு அறிவிப்பாளர், கீழே மேசையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு சேர். மண்டபம் நிறைய ஆட்கள். சிவப்பு வெளிச்சம் எரிந்தால் நாடு முழுக்கக் கேட்கும். எரிந்தது.

முதல் இரண்டு பாட்டும் ஆண்கவிகள். சமாளித்துவிட்டேன். மூன்றாவதுதான் காசிமின் பாட்டு. கையைக் காதில் பொத்தினேன். தொண்டையை மேலே இழுத்தேன். வாளி போன கிணற்றுக் கயிறு மாதிரி வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம் இழுத்தேன். பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்து அறுந்துவிட்டது.

சேர் பென்சிலை மேலே காட்டினார். குரலை மேலே ஏற்று என்று அர்த்தம். நடுக்கத்தில் எனக்கு அது சத்தத்தைக் கூட்டு என்று பட்டது. கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அடி வயிற்றிலிருந்து, என் சொந்தக் குரலில், வட்டையில் அடுத்த வயல் கண்டத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிப் பாடினேன். வாசலில நிக்கன் மச்சான். பாத்திருப்பேன் என் மச்சானே. நாலு கவியும். சேரின் பென்சில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது, நானும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கடைசிக் கவியில் மைக்கே தேவைப்பட்டிருக்காது.

பாட்டு முடிந்தது. மண்டபத்தில் ஒருத்தர் கை தட்டத் தொடங்கி, பக்கத்தில் யாரும் தட்டாததைக் கண்டு நிறுத்தினார். அறிவிப்பாளர் நல்ல பிள்ளை. நிலைமையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். சிரித்துக்கொண்டு, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "அருமையான பாட்டு. இந்த மச்சானை நினைத்து இப்படி உருகுகிற பெண் யாரோ, காக்கா?"

பயம் வந்தால் ஆட்களுக்குப் பொய் வரும். எனக்கு உண்மைதான் வரும். பள்ளிக்கூடத்தில் கண்ணாடி உடைந்தபோது, வாத்தியார் கேட்க முன்னமே, உடைக்காத மற்றக் கண்ணாடியையும் நான்தான் என்று ஒப்புக்கொண்டவன் நான்.

"பொம்புள ஒண்டும் இல்ல. நான்தான்" என்றேன்.

அறிவிப்பாளரின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் வாய் தன் பாட்டில் தொழிலைச் செய்தது. "அப்படியென்றால்... மச்சான்?"

அந்த இடத்தில்தான் என் கொள்கை எனக்கு ஞாபகம் வந்தது. நான் இருமினேன். உண்மையான சளி இருந்தபடியால் இருமல் நன்றாக வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, மடிந்து, கண்ணால் தண்ணீர் வர இருமினேன். சேர் ஏதோ ஒரு குமிழைத் திருப்பினார். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. கொழும்பிலிருந்து ஒரு வயலின் இசைத்தட்டு ஓடியதாம், நேயர்கள் பிறகு சொன்னார்கள். சேர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு மட்டும் அசைந்தது.

வீட்டுக்குப் போனேன். உம்மா அடுப்படியில் இருந்தார். ரேடியோ அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது, நிற்பாட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "செல்லச் செல்லக் கேக்காம கொத்தமல்லித் தண்ணிய வெச்சிட்டுப் போனியே. குடிச்சிருந்தா இப்பிடி வந்திரிக்குமா?" கோப்பையைச் சூடாக்கி மறுபடி தந்தார். அந்தக் கதையைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

ஊர் அப்படி அடக்கமாக இல்லை. நான் யார் என்பதை ஒரு நாளில் பேசி முடித்துவிட்டார்கள். இவன் இப்படித்தான் என்று முன்பே தெரியும் என்று பாதிப்பேர். கள்ளக் குரலைக் கேட்டபோதே நினைத்தேன் என்று மீதிப்பேர். அவர்களுக்கு மிச்சம் இருந்த கேள்வி, மச்சான் யார்?

மீன் விற்கிற ஒருவர் என்னை வேலியோரம் கூப்பிட்டார். "ஜமால், நீ ஆரப் பாடினாலும் எனக்கென்ன. ஆனா பொஞ்சாதி கேக்கா. அது நான் இல்லத்தானே?"

"இல்ல காக்கா. அது தறி நெய்ற ஆளெல்லோ. நீங்க மீன்."

"அதத்தான் நானும் செல்லினன். நீயும் வந்து ஒருக்காச் செல்லிட்டுப் போ."

முடி வெட்டுகிறவர் வேறு மாதிரி. கத்தரியை என் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எத்தின வருசமா ஒனக்கு முடி வெட்டுறன். என்னப் பாத்து ஒரு கவி வரல்லையே ஒனக்கு" என்றார். விளையாட்டா வினையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எல்லாம் சிரிப்பாகப் போனது என்று நினைக்க வேண்டாம். பேசியிருந்த மூன்று கல்யாண வீடுகள், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பின. கூரைத் தகரத்தில் கல் விழுந்தது, ஒரு தரம் இல்லை. வாசலில் யாரோ வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்கள். உம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மூத்த சகோதரியான ராத்தாவின் மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். பள்ளிவாசலில் மரைக்கார் ஒருவர் பக்கத்தில் வந்து, "தொழ வாறதுக்கு ஒனக்கு ஒரு தடையும் இல்ல. கதைய மட்டும் செருப்போட கழட்டி வெச்சிட்டு வா" என்றார். அது எனக்குப் பெரிய உதவி.

மூன்று மாதம் நான் மருதமுனைப் பக்கமே போகவில்லை. காசிமைக் காப்பாற்றுகிறேனாம். மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போக நேர்ந்தால், மருதமுனை வரும்போது குனிந்து செருப்பைத் தேடுவேன். ஊர் தாண்டியதும் செருப்பு கிடைத்துவிடும்.

அப்போது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. முறைப்பாட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன, விளக்கம் எழுதித் தர இந்தத் திகதி நேரில் வரவும். கடிதத்தோடு சேர் ஒரு சின்னத் தாளும் வைத்திருந்தார், சொந்தக் கையெழுத்தில். பாட்டின் பிரதியில் நாலு கவிக்கும் பெண்கவி என்றுதான் குறி இருக்கிறது. அன்று சுகயீனம் காரணமாகக் குரலை மாற்ற முடியவில்லை, இதில் வருவது கற்பனைப் பெண், அறிவிப்பாளரிடம் சொன்னது விளையாட்டுப் பகிடி, என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்தது.

நான் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குறி இருந்தது உண்மை. சளி இருந்தது உண்மை. பாதி உண்மையாக ஒரு பொய் கிடைப்பது லேசா? மூன்று பிரதி என்ன, முப்பது பிரதியில் வைக்கிறேன் கையெழுத்து என்று நினைத்தேன். போகும் முன்னர் காசிமிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று மருதமுனைக்குப் போனேன். தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு.

அவனுடைய தெருவில் நடக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். நான் கடக்கிற ஒவ்வொரு வீட்டிலும் தறிச் சத்தம் நிற்கிறது. கடந்த பிறகு மறுபடி தொடங்குகிறது. துவாய் நன்றாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காசிமின் உம்மா கதவைத் திறந்தார். "வாங்க மகன். மூணு மாசமாக் காணல்ல" என்றுவிட்டு உள்ளே போனார். காசிம் தறியில் இருந்தான். சபுறா பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒன்ட பேர எங்கயும் செல்லல்ல" என்றேன், உட்காராமலே.

"ஓம். என்ட கரையச் செல்லிட்டாய்" என்றான் காசிம்.

"என்ன கரை?"

அவன் தறியை நிறுத்தினான். "இந்தத் தெருவுல ஒவ்வொருத்தனுக்கும் அவன் நெய்ற சாறன்ல ஒரு கரை. நாவல் நிறம், நடுவுல வெள்ள ஒண்டு, பக்கத்துல மஞ்சள் ரெண்டு. அது வாப்பாட கரை. இப்ப என்ட. வேற ஒருத்தரும் நெய்ய மாட்டாங்க. நீ பாடி முடிக்கக்குள்ளயே பக்கத்து ஊட்டுல தறி நிண்டிட்டு."

நான் தரையில் குந்தினேன். சாறன் வாங்குகிறவனுக்குக் கரை என்றால் நிறம். நெய்கிறவனுக்குக் கரை என்றால் அவனுடைய பெயர், வாப்பாவின் பெயர், வீட்டு வாசல். இரண்டு வருஷம் அந்த வாசலில் குந்தியிருந்தும் எனக்கு இது தெரியவில்லை. பெயரை மறைக்கிறேன் என்று பெயரையே பாட்டில் கட்டி, நாடு முழுக்கக் கத்தியிருக்கிறேன். பிறகு மூன்று மாதம் பஸ்ஸில் குனிந்து செருப்புத் தேடியிருக்கிறேன்.

"சபுறாவக் கேட்டு வந்தாக்கள்?" என்றேன்.

சபுறா நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அவங்க போனது பாட்டால இல்ல காக்கா. கல்முனைக்குடியில சீதனமாக் கல்லூடு குடுக்கிற ஒரு இடம் கிடைச்சிட்டு. நீங்க பாடாட்டியும் போயிரிப்பாங்க. ஒங்கட பாட்டு அவங்களுக்குச் செல்றதுக்கு ஒரு காரணம் குடுத்த, அவ்வளவுதான்."

நான் சேரின் தாளை எடுத்துக் காட்டினேன். காசிம் வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான்.

"கரைய மாத்தச் செல்லி நூல் முதலாளி ஆள் அனுப்பினார்" என்றான்.

"மாத்தினியா?"

"இல்ல. பாவு நூல் ஏத்தியாச்சு. இடையில மாத்தேலா."

"ஒரு பாவு முடிய எத்தின நாள்?"

"பதினைஞ்சு."

அவன் தறியைப் பார்த்தேன். நாவல், நடுவில் வெள்ளை, பக்கத்தில் இரண்டு மஞ்சள். மூன்று மாதம் என்றால் ஆறு பாவு. ஆறு தரம் நூலை ஏற்றும்போதும் அவன் நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம்.

"எழுதிக் குடுக்கிறதெண்டாக் குடு" என்று தாளைத் திருப்பித் தந்தான். "அது ஒன்ட தொழில். ஆனா எனக்கிட்ட கேட்டா, அந்தக் கள்ளக் குரல் எனக்கு எப்பவும் புடிக்கிறல்ல. அண்டைக்குத்தான் நல்லாப் பாடினாய்." பிறகு தறியை மிதிக்கத் தொடங்கிவிட்டான்.

கொழும்புக்கு ஒரு முழுப் பகல் பஸ். போகும் வழியெல்லாம் ஒரு ஊரில் கையெழுத்து வைப்பேன், அடுத்த ஊரில் வைக்க மாட்டேன். கடைசி ஊரில் வைப்பதாகத்தான் முடிவு.

சேர் கதிரையைக் காட்டினார். மேசையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: தட்டச்சில் அடித்த விளக்கம், என் பாட்டின் மூன்று பிரதி, பேனை. "வாசித்துப் பாருங்கள்" என்றார். வாசித்தேன். ஒரு பிழை இல்லை. "கையெழுத்து வைத்த பிறகு, பக்கத்து ஒலிப்பதிவு அறையில் இந்தப் பாட்டைப் பெண்குரலில் ஒரு தரம் பாடிவிடுங்கள். அடுத்த மாதம் அதை ஒலிபரப்புவோம். அதோடு இது மறந்துபோகும்."

பேனையை எடுத்தேன். மூன்று மாதத்துக்கு முந்திய அதே நடுக்கம் வந்துவிட்டது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"சேர், பிரதியில பிழை இரிக்கி" என்றேன்.

"எங்கே?" உடனே குனிந்தார். அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

"ஓரத்துல. நாலு இடத்துலயும் பெ எண்டு போட்டிரிக்கன். அது நான் விட்ட பிழை. நாலும் ஆண்கவி."

அவர் என்னைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆண்கவியில் மச்சான் வருவதில்லை."

"இதுல வருது சேர்."

"இதன் பிறகு உங்களைக் கூப்பிடுவது எனக்குச் சிரமமாக இருக்கும், ஜமால்தீன்."

"விளங்குது சேர்."

உதடு அசையும் என்று எதிர்பார்த்தேன். அசையவில்லை. தட்டச்சுத் தாளை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிவப்பு முனை என் பக்கம் இருக்கத் தந்தார். "பிழையென்றால் திருத்த வேண்டும். மூன்று பிரதியிலும். ஒவ்வொன்றுக்கும் ஒப்பம்."

நாலு கவி, மூன்று பிரதி. பன்னிரண்டு இடத்தில் "பெ"யை வெட்டி "ஆ" எழுதிப் பன்னிரண்டு ஒப்பம் வைத்தேன். கை ஆடியதில் பன்னிரண்டும் பன்னிரண்டு ஆட்கள் வைத்தது போல இருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு இடத்தில் கோடு எழுத்தை முழுதாக வெட்டவில்லை என்று மறுபடி வெட்டச் சொன்னார். பிறகு கோப்பில் வைத்துக் கட்டினார். "இதை ஒலிபரப்ப எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். "கிழித்துப் போடவும் எனக்கு அதிகாரம் இல்லை. கோப்பில் இருக்கும்."

வாசல் வரை வந்தார். யாருக்கும் அப்படி வந்து நான் கண்டதில்லை.

ஐந்து வருஷம் ரேடியோவிலிருந்து கடிதம் வரவில்லை. கல்யாண வீடுகள் பாதிக்கு மேல் நின்றன. கல்முனையில் ஒரு புடவைக் கடையில் மூட்டை பிரித்தேன். பாட்டு முழுதாக நிற்கவில்லை. வயல் பக்கத்து ஆட்கள் கூப்பிட்டார்கள். வெட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாட்டுத்தான் வேண்டும், பாடுகிறவனின் வரலாறு வேண்டாம். அங்கே நான் கள்ளக் குரலை எடுக்கவே இல்லை. மச்சியைப் பாடினாலும் மச்சானைப் பாடினாலும் ஒரே குரல்தான். முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வெட்டு முடிந்து, வரிப்பத்தான்சேனையில் நிலச் சொந்தக்காரரான போடியார் ஒருவர் வயலில் வேலை செய்த எல்லோருக்கும் பகல் சோறு கொடுத்தார். பாட என்னைக் கூப்பிட்டிருந்தார். களத்தோரம் பலகை போட்டு மேடை. முதல் பாட்டை எடுக்கப் போகிறேன், பஸ்ஸை விட்டு இறங்கிக் காசிம் வருகிறான். நான் பாடுகிற இடத்துக்கு அவன் அதுவரை வந்ததே இல்லை. கேட்டால் தறியில் வேலை என்பான். வெளுத்த சேர்ட்டும் நாவல் கரைச் சாறனுமாக நேரே வந்து, முன்வரிசையில், போடியாருக்கு இரண்டாவது கதிரையில் இருந்தான். நான் எடுக்க வேண்டிய பாட்டை விட்டு வேறொன்றை எடுத்து, அதிலும் இரண்டாம் கவியை முதலில் பாடினேன். ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். சாறனைப் பார்த்தார்கள். பிறகு சோறு வருகிற பக்கம் பார்த்தார்கள்.

இரண்டாவது பாட்டு முடியவில்லை, காசிம் நித்திரை. தலை சாய்ந்து, வாய் திறந்து. என்னுடைய பாட்டெல்லாம் நான் கட்டக் கட்டத் தன் வீட்டு வாசலில் கேட்டு அலுத்தவன், வேறென்ன செய்வான்.

தலையில் வைக்கோல் ஒட்டியிருந்த ஒருவர் மேடைக்குப் பக்கத்தில் வந்தார். முன்பின் தெரியாத ஆள். "கவிக்காரக் காக்கா, ஒங்கட ஆள் நித்திரையாப் போயிட்டார். எழுப்பட்டா?"

"வேணாம், உடுங்க" என்றேன். அடுத்த பாட்டைக் கொஞ்சம் மெதுவாக எடுத்தேன்.